காற்றில்லாத நாளில் சுற்றிய ஏழாம் நம்பர்

ஓடாத காற்றாடி ஒன்று ஓடுகிறது என்று புகார் வந்ததால் நான் நாகர்கோவிலுக்குப் போனேன்.

எங்களுக்கு வழக்கமாக வரும் புகார்கள் வேறு மாதிரி. திரை உறைந்துவிட்டது, அறிக்கை வரவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பார்கள். "ஏழாம் நம்பர் காற்றாடியைப் பூட்டி ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் திரையில் மட்டும் அது தினமும் சுற்றுகிறது. ஆட்கள் அதன் பக்கம் போகப் பயப்படுகிறார்கள்" என்று ஒரு காற்றாலையிலிருந்து கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை.

நான் பெங்களூரில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரி. காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் மென்பொருள் எழுதுவது தொழில். எந்தக் காற்றாடி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று கோடு கோடாகத் திரையில் காட்டுவோம். பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன், ஒரு காற்றாடியின் அடியில்கூட நின்றதில்லை. மீன் தின்னாதவள் மீன்கடை வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளியாகிறது. அதற்குள் போய் அந்தப் பேயை ஓட்டிவிட்டு வா" என்றார் என் மேலாளர் பிரதீப். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வடசேரி பேருந்து நிலையத்தில் ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாழைத்தார் இறக்குகிறவர்களுக்கு நடுவில் புகுந்து ஒரு கடையில் ரசவடை சாப்பிட்டேன். ரசத்தில் ஊறிய வடைதான், ஆனால் இரண்டாவது தட்டு கேட்கும்போது எனக்கு வெட்கமே வரவில்லை. எங்கள் ஊரில் வடையை ஊறவைத்தால் நேற்றைய வடை என்று சந்தேகப்படுவோம்.

ஆரல்வாய்மொழிக்கு எந்தப் பேருந்து என்று கைபேசியைக் கேட்டேன். எதிரே நின்றதைக் காட்டியது. ஏறி உட்கார்ந்து நாலைந்து கிலோமீட்டர் போனபிறகு நடத்துநர் வந்தார். ஆரல்வாய்மொழிக்கு ஒரு சீட்டு என்றதும் என் முகத்தைப் பார்த்தார்.

"மக்ளே, இது பூதப்பாண்டி வண்டியாக்கும். நெத்தியில இத்தன பெரிய போர்டு தொங்குதுல்லா?"

"போன்ல இந்த வண்டின்னுதானுங்க போட்டிருந்துச்சு."

"போனா வண்டி ஓட்டுகு? போர்டப் பாக்காண்டாமா?"

பேருந்தே சிரித்தது. இறச்சகுளத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, தோவாளையில் மல்லிகை மூட்டைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்குச் சொன்னவள் பன்னிரண்டரைக்கு நின்றேன்.

ஜெபசிங் வாசலில் காத்திருந்தார். அந்தக் காற்றாலையின் தலைமை ஃபிட்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும், அகலமான தோள், பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நம் தலைக்கு மேல் எதையோ பார்க்கிற கண். பேசிக்கொண்டே காற்றாடிகளை எண்ணுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அன்று காற்று இல்லை. ஆனி, ஆடியில் ஆளையே தள்ளுகிற கணவாய்க் காற்று ஐப்பசியில் அடங்கிவிடும் என்றார். மலைக்குக் கீழே வரிசையாக நின்ற வெள்ளைக் காற்றாடிகளில் ஒன்றுகூட அசையவில்லை. அத்தனையும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"அதாக்கும் ஏழு" என்றார்.

கட்டுப்பாட்டு அறையில் எங்கள் திரை ஓடிக்கொண்டிருந்தது. முப்பது காற்றாடிகளுக்கு முப்பது கோடுகள். இருபத்தொன்பது கோடுகள் தரையில் படுத்துக் கிடந்தன. ஏழாவது கோடு ஆனி மாதக் காற்றில் ஓடுகிற மாதிரி உச்சியில் துள்ளிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தேன், அது நின்றது. திரையைப் பார்த்தேன், அது சுற்றியது. இரண்டு மூன்று தடவை அப்படிப் பார்த்ததும் எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

"இது மட்டும் இல்ல மேடம்" என்று குரலைத் தாழ்த்தினார் ஜெபசிங். "தினமும் பத்து இருவதுக்கு நிக்கும். சரியா நாலு நிமிசம். பொறவு ஓடும். ஆள் ஒருத்தன் நின்னு சுவிட்ச அமத்துனாத்தான் அப்படி நிக்கும். இது தங்கராசு நிறுத்துகதாக்கும்னு பயலுவ சொல்லுதானுவ."

"தங்கராசு யாருங்க?"

"எங்கூட இருந்த ஆளு. அவன் பூட்டுதான் அங்க தொங்குது."

"இறந்துட்டாரா?"

"சே! கோட்டாறுல வீட்டுல இருக்கான். அதான் பயமா இருக்கு."

மதியம் பக்கத்து மெஸ்ஸில் சோறும் மீன்குழம்பும், சின்ன வெங்காயம் போட்ட உள்ளித் தீயலும். வறுத்தரைத்த தேங்காயில் கறுத்துப்போன அந்தத் தீயலுக்காகவே இன்னொரு கரண்டிச் சோறு வாங்கினேன். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஜெபசிங் பூட்டின் கதையைச் சொன்னார்.

காற்றாடிக்குள் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு உண்டு. ஏறும்முன் கீழே மெயின் சுவிட்சை அணைத்து, அதன் வளையத்தில் தன் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். மூன்று பேர் ஏறினால் மூன்று பூட்டு. கடைசிப் பூட்டும் கழன்றால்தான் மின்சாரம் போட முடியும். பெயின்ட் உதிர்ந்துவிடுகிறது என்று பூட்டின்மேல் பெயரை நகப்பாலிஷால் எழுதுகிறார்கள், வீட்டுப் பெண்களிடம் வாங்கி. அடுத்தவன் பூட்டை யாரும் தொடுவதில்லை. இறங்கியதும் தொங்குகிற பூட்டுகளில் உள்ள பெயர்களை உரக்கக் கூப்பிடுவார்கள். அவனவனே பதில் சொல்ல வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் "உண்டு" என்று சொல்லக்கூடாது.

ஆனி மாதத்தில் ஒருநாள் தங்கராஜ் ஏழாம் நம்பரில் பூட்டு மாட்டி, கிரீஸ் வைக்க ஏறியிருக்கிறார். மேலே இறக்கைகளைத் தாங்கும் தண்டு, பிரேக்கில் நின்றது, தானாக அசைந்து வலதுகையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அப்படித்தான் தங்கராஜ் சொன்னார். விசாரணையில், தண்டு அசையவேயில்லை, ஆளின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். கம்ப்யூட்டர் வரைபடத்தையே ஆதாரமாக ஒட்டியிருந்தார்கள். குடித்துவிட்டு ஏறினான் என்ற பேச்சு கோட்டாறு வரை போனது.

"அந்தப் பேப்பர மாத்தி எழுதுக நாளு வந்து தொறக்கேன்னுட்டான். முதலாளிமாரு கட்டரோட ஆளு அனுப்பிப் பாத்தாவ. பூட்டுல பேரப் பாத்ததும் அவன் கட்டரக் கீழ வச்சிட்டான். அவனும் ஃபிட்டருதானே."

எந்தக் கம்ப்யூட்டர் வரைபடம் என்று நான் கேட்கவில்லை. அந்த ஊரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் திரைதான் காற்றாடிகளைக் காட்டுகிறது. அதை எழுதியவள் அவர் எதிரில் உட்கார்ந்து தீயல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்து இருபதுக்கு ஏழாம் நம்பருக்குள் நிற்க வேண்டும் என்றேன். "உள்ள வந்தா பூட்டு போடணும்" என்றார். என் பெட்டியில் இருந்த நம்பர் பூட்டைக் காட்டினேன்.

"இது ஆகாது. நம்பர நீங்க வேற ஒருத்தருக்குச் சொல்லிரலாம்லா? சாவின்னா உங்க பையில மட்டும்தான் இருக்கும்."

எங்கள் அலுவலகத்தில் ஒரே பாஸ்வேர்டை ஒன்பது பேர் பயன்படுத்துகிறோம். அதை அவரிடம் சொல்லவில்லை. மாலையில் ஜங்ஷனில் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி, லாட்ஜ்காரர் மனைவியிடம் நகப்பாலிஷ் கேட்டு, என் பெயரை எழுதிக் காயவைத்தேன்.

புதன்கிழமை காலையும் இலை அசையவில்லை. ஏழாம் நம்பரின் அடியில் இரும்புக் கதவு. உள்ளே போனால் ஒரு கிணற்றைத் தலைகீழாக நிறுத்திய மாதிரி இருந்தது. பழைய எண்ணெய் வாடை, மேலே போகப் போக இருட்டு. சுவிட்ச் வளையத்தில் ஒரு பூட்டு தொங்கியது. ரோஸ் நிற நகப்பாலிஷில் 'தங்கராஜ்'. பக்கத்தில் ஜெபசிங் தன் பூட்டை மாட்டினார். நான் என்னுடையதை மாட்டினேன். உலோகம் உலோகத்தில் தட்டிய அந்தச் சின்னச் சத்தம் மேலே ஏறிப்போய், வெகுநேரம் கழித்து எங்கேயோ முடிந்தது.

டேப்லெட்டில் எங்கள் திரையைத் திறந்தேன். நான் கை வைத்திருந்த சுவர் குளிர்ந்து, துளி நடுக்கம்கூட இல்லாமல் நின்றது. திரையில் அதே காற்றாடி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பத்து இருபது. கோடு சரிந்தது. பூஜ்யம்.

இருவரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். பூஜ்யம் இரண்டு நிமிடம் அப்படியே இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் அந்த எண் ஒருமுறை லேசாக எழும்பி, இன்னொரு முறை எழும்பி, திரும்பப் படுத்தது.

"பாத்தியளா?" என்று கிசுகிசுத்தார் ஜெபசிங். "நின்னுட்டு மூச்சு விடுது."

இதை ஒளிக்க ஒன்றுமில்லை, பயந்துவிட்டேன். நாலாவது நிமிடம் முடிந்ததும் கோடு மறுபடி உச்சிக்கு ஏறியது.

வெளியே போகும்முன் நாங்கள் எங்கள் பூட்டுகளைக் கழற்றினோம். ஜெபசிங் கதவருகே நின்று, தலையை அண்ணாந்து, "ஏலே தங்கராசு!" என்று கூப்பிட்டார். பெயர் உள்ளேயே சுற்றிச் சுற்றி மேலே போனது. அவர் காத்திருந்தார். பதில் வராது என்று தெரிந்தும் நானும் காத்திருந்தேன்.

"அவர் வீட்லதானே இருக்காரு?" என்றேன் வெளியே வந்து.

"பூட்டு தொங்குதுல்லா. கூப்பிடாம போகப்பிடாது."

அன்று மதியம் லாட்ஜில் உட்கார்ந்து எங்கள் மென்பொருளின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன். பேயைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அதன் தலையில் என் பெயர் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெரிய வாடிக்கையாளருக்குத் திரையைக் காட்ட வேண்டியிருந்தது. காற்றாடிகளிலிருந்து தகவல் அவ்வப்போது நின்றுவிடும், கோடு அங்கங்கே அறுந்து கிடக்கும். "பார்க்க அசிங்கமாக இருக்கிறது, நாளைக்குள் சரிசெய்" என்றார்கள். ஒரே மாலையில் எழுதினேன். தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே தொடர்ந்து காட்டு. ஒரு நாளுக்குமேல் வராவிட்டால், கடைசியாக முழுசாக வந்த நாளையே திரும்பத் திரும்ப ஓட்டு. மேலே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். அடுத்த ரிலீஸில் மாற்ற வேண்டும்.' அந்த அடுத்த ரிலீஸ் ஆறு வருடமாக வரவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் குறிப்புகளை நினைத்துக்கொள்வார்கள் என்று தெரியும்.

ஆக, ஏழாம் நம்பர் விபத்துக்கு முந்தின நாளை ஐந்து மாதமாக வாழ்ந்துகொண்டிருந்தது. சுற்றி எல்லாவற்றிலும் காற்று இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. ஐப்பசியில் காற்று விட்டதும் அது தனியாகத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். பிரதீப்புக்கு எழுதிவிட்டு நிம்மதியாகப் பால் விடாத கட்டஞ்சாயா ஒன்று குடித்தேன்.

பாதி டம்ளரில்தான் அடுத்தது உறைத்தது.

மெயின் சுவிட்சில் பூட்டு மாட்டினால் மின்சாரம் நிற்கும். மின்சாரம் நின்றால் தகவல் நிற்கும். தகவல் நின்றால் என் நிரல் இல்லாததை எழுதும். அப்படியென்றால், உள்ளே ஆள் இருக்கும் நேரம் பூராவும் திரையில் ஓடுவது நான் கற்பனை செய்தது. பதினோரு வருடத்தில் ஒருமுறையாவது அந்தப் பூட்டைப் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும்.

விபத்து நாளின் பதிவை எடுத்தேன். பூட்டு மாட்டிய நிமிடத்திலிருந்து தண்டின் வேகம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். விசாரணைக்காரர்கள் நம்பிய அழகான நேர்கோடு. அதற்குக் கீழே காற்றின் வேகம் என்ற வரி இருந்தது, அதை அவர்கள் பார்க்கவில்லை. ஆரல்வாய்மொழியில், ஆனி மாதத்தில், அடுத்த இருபத்துநாலு மணி நேரமும் காற்று ஒரு புள்ளிகூடக் கூடாமல் குறையாமல் வீசியிருந்தது.

இரும்பு கெட்டால் தூள் உதிரும், சத்தம் போடும், கருகி நாறும். நாங்கள் எழுதுவது கெட்டால் முன்னைவிட அழகாக இருக்கும். அந்த நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டு சாயா ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனின் மூன்று விரல் போனது போதாதென்று அவன் சொன்ன உண்மையையும் நான் எடுத்திருக்கிறேன்.

பிரதீப்பைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டார். "பழைய கதை வேண்டாம். ஏழாம் நம்பரை மட்டும் திரையிலிருந்து மறைத்துவிடு, வெள்ளிக்கிழமை தாண்டட்டும், பிறகு பேசலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்திருக்கிறது.

வியாழக்கிழமை ஜெபசிங் என்னைப் பைக்கில் கோட்டாறுக்குக் கூட்டிப்போனார். மழையில் பைக் இரண்டு இடத்தில் நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள், பாத்திரக்கடைகள், பள்ளிவாசல் பாங்கு, எல்லாம் தாண்டி ஒரு சந்தில் மாடி வீடு. தங்கராஜ் தரையில் செய்தித்தாள் விரித்து, இடதுகையால் ஒரு மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருந்தார். வலதுகை மடியில் கிடந்தது. அவர் மனைவி சுசீலா ஏத்தன்பழ அப்பமும் சாயாவும் வைத்துவிட்டு, போகாமல் கதவருகே நின்றார்.

"பெங்களூருலேர்ந்தா? பூட்ட ஒடைக்கவா?" என்றார் தங்கராஜ், நிமிராமல்.

"இல்லைங்க. ஒரு தப்பைச் சொல்ல வந்தேன்."

டேப்லெட்டைத் தரையில் வைத்து விபத்து நாளின் பதிவைக் காட்டினேன். காற்று வரியை விரலால் தொட்டு, எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். பிறகு சிரித்தார். சத்தமான, நல்ல சிரிப்பு.

"ஏ ஜெபசிங்கு, இங்க பாருடே. ஆனிக் காத்து ஒரு நா முழுக்க ஒரே ஸ்பீடுல வீசிருக்கு! எவம்லே எழுதுனான் இத?"

"நான்தாங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. சுசீலாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் எழுதிய நிரல், ஒரு மாலை வேலை, பூட்டு, தகவல், எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் மிக்ஸியின் திருகு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அஞ்சு மாசம். சர்ச்சுல எம்பக்கத்துல இருக்கியவன் தள்ளி இருந்தான். சாராய வாட வருதான்னு பாக்கதுக்கு."

பேச்சை மாற்றத்தான் நான் பத்து இருபதைப் பற்றிக் கேட்டேன். விபத்துக்கு முந்தின நாள் நாலு நிமிடம் எதற்காக நிறுத்தினீர்கள்?

தங்கராஜ் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தினமும் பாக்கறோங்க. திரையில அந்த நாள்தான் ஓடிட்டிருக்கு."

"பிரேக்கு பிடிக்கல்லன்னு தோணிச்சு. நிறுத்திப்போட்டுப் பாத்தேன். ரெண்டு நிமிசம் நின்னுது, பொறவு பைய நழுவிச்சு. ரெண்டு வாட்டி. சூப்பர்வைசர்ட்ட சொன்னேன். இப்பம் நல்ல காத்து, ஒருநா நிறுத்தினா எம்புட்டு நட்டம், காத்து போகட்டும், ஆவணில மாத்திக்கிடலாம்னாரு. பொறவு, நீ அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லன்னாரு."

நான் அந்த நாளைத் திறந்தேன். அன்று அவர் பூட்டு மாட்டவில்லை, மின்சாரம் இருந்தது, தகவல் வந்தது. காற்று வரி நிமிடத்துக்கு நிமிடம் தாறுமாறாகத் துள்ளியது. கற்பனை இல்லை, நிஜம். பத்து இருபதுக்குப் பூஜ்யம். மூன்றாவது நிமிடத்தில் இரண்டு சின்ன எழும்பல்கள். காற்றாடிக்குள் நான் பார்த்துப் பயந்த அந்த மூச்சு, பிரேக் நழுவிய தடம். விபத்துக்கு முந்தின நாள் தங்கராஜ் கண்ட குறையை, ஐந்து மாதமாக, தினமும் காலையில், எல்லார் கண் முன்னாலும் திரை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பேய் என்று சொல்லி நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

ஜெபசிங் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். காற்றாலைக்காரர்களுக்கும், எங்கள் நிறுவனத்துக்கும், இருவருக்கும் ஒரே கடிதம். விபத்து நேரத்தின் பதிவு இயந்திரம் தந்ததல்ல, என் நிரல் இட்டு நிரப்பியது. அந்த நேரத்தில் தண்டு அசைந்ததா என்று எங்கள் மென்பொருளுக்குத் தெரியாது, அங்கே இருந்த தங்கராஜுக்கு மட்டுமே தெரியும். முந்தின நாள் பிரேக் நழுவிய பதிவு நிஜமானது, இணைத்திருக்கிறேன். கீழே என் பெயர். அனுப்பும்போது, வேலை போனால் வீட்டுக் கடனுக்கு என்ன செய்வது என்ற நினைப்பு வராமலில்லை.

சுசீலா கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்து முடித்ததும், "அந்த 'கவனக்குறைவு'ங்கிற வார்த்த எங்கயும் இல்லியே?" என்றார். இல்லை என்றேன். அப்பத்தைச் சாப்பிடச் சொன்னார். ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழாம் நம்பர் அடியில் நாங்கள் மூன்று பேர். விசாரணைப் பேப்பர் இன்னும் மாறவில்லை, கோட்டை எழுதியவளே மாற்றி எழுதியது போதும் என்று தங்கராஜ் வந்திருந்தார். உள்ளே போனதும் ஜெபசிங் பழக்கதோஷத்தில் அண்ணாந்து, "ஏலே தங்கராசு!" என்றார்.

"உண்டுடே, இங்கதான் நிக்கேன்" என்றார் தங்கராஜ், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து.

அந்தக் குரல் மேலே போய்த் திரும்பி வந்தது. ஜெபசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கராஜ் இடதுகையால் சாவியைத் துவாரத்துக்குள் விடத் தடுமாறினார். உதவ யாரும் கை நீட்டவில்லை, நீட்டவும் கூடாது. மூன்றாம் முறை திறந்தது. துருவேறிய பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஜெபசிங் ஐந்து நிமிடம் மின்சாரம் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தார். உடனே தன் பூட்டை மாட்டினார். "பிரேக்க மாத்தாம இது ஒரு சுத்து சுத்தப்பிடாது. எவன் சொன்னாலும் செரி" என்று, புதுப் பிரேக் கட்டைகள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். தங்கராஜ் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நான் மதிய ரயிலைப் பிடிக்கக் கிளம்பினேன். கிளம்பும்முன், காற்றாலை அலுவலகத்தில் உட்கார்ந்து, அன்று வெளியாகவிருந்த பதிப்பிலிருந்து என் ஆறு வருடப் பழைய நிரலை வெட்டி எடுத்தேன். இனி தகவல் இல்லாத இடம் வெறுமையாகவே இருக்கும். யாரிடமும் கேட்கவில்லை.

ரயில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் காற்றாடிகள். மெல்லிய காற்று எழும்பி, சில அசையத் தொடங்கியிருந்தன. ஏழாம் நம்பரைக் கண்டுபிடித்தேன், அசையாமல் நின்றது. புதிய பதிப்பு வெளியாகிவிட்டது, திரையிலும் இப்போது அது நின்றது. ஐந்து மாத வெறுமை, காலையில் ஐந்து நிமிடக் கோடு, மறுபடி வெறுமை. அந்த இரண்டாவது வெறுமைக்குள் ஜெபசிங் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கைபேசி அதிர்ந்தது. பிரதீப். நான் எடுக்கவில்லை. வள்ளியூர் தாண்டியபோது ஏழாம் நம்பரில் கோடு எழுந்தது, நடுங்கிக்கொண்டு, ஒழுங்கில்லாமல். பிரேக் மாற்றிவிட்டார், இறங்கிவிட்டார், பூட்டைக் கழற்றிவிட்டார். பையிலிருந்த என் பித்தளைப் பூட்டை அதுவரை இறுகப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பிறகு மற்ற ஊர்களின் திரைகளைத் திறந்தேன். நாங்கள் கண்காணிக்கும் அத்தனை காற்றாலைகளிலும், ஆறு வருடமாக நான் பூசி மெழுகியிருந்த இடங்களெல்லாம் பொத்தல் பொத்தலாகத் திறந்து கிடந்தன. ஒவ்வொரு பொத்தலும் எப்போதோ யாரோ பூட்டு மாட்டி ஏறிய நேரமாக இருக்கலாம். எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் பெயர்கூடக் கேட்டிராத ஓர் ஊரில், பத்தொன்பதாம் நம்பரின் கோடு சட்டென்று அறுந்தது. புதிதாக ஒரு பொத்தல், இப்போது, இந்த நிமிடம். நேற்றுவரை அங்கே அழகான நேர்கோடு ஓடியிருக்கும், நானும் எதையும் பார்த்திருக்க மாட்டேன். உள்ளே யார் என்று எனக்குத் தெரியாது, கூப்பிடுவதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தக் கோடு திரும்பி வரும்வரை கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.